தண்டுவடம் அடிபட்டவருக்கு ஸ்டெம் செல்லா, மின்தூண்டலா, பிசியோதெரபியா?

பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இரண்டு மூன்று வருடம் ஆனவர் வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போவதில்லை: "ஜப்பான்ல ஸ்டெம் செல் போட்டு நடக்க வைக்கிறாங்களாமே?" போடுகிறார்கள்தான், உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய அந்த மூலச் செல்களை. அடிபட்டு எத்தனை நாளுக்குள் என்பதில்தான் சிக்கல்.

அங்கே 2018 டிசம்பரில் நிபந்தனையோடு அனுமதி பெற்றது ஸ்டெமிராக் என்ற ஸ்டெம் செல் சிகிச்சை. நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்துப் பெருக்கி, ரத்தக்குழாய் வழியாகத் திரும்ப ஏற்றுகிறார்கள். அடிபட்ட 31 நாளுக்குள் வந்தவர்களுக்கு மட்டும். 13 பேரிடம் சோதித்து 12 பேருக்கு முன்னேற்றம் என்றார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செல் ஏற்றாத ஒரு குழுவோடு ஒப்பிடவில்லை, முதல் சில மாதங்களில் உணர்ச்சியும் அசைவும் தானாகவே ஓரளவு திரும்புவது உண்டு என்பதால் எது செல் செய்தது, எது உடம்பே செய்துகொண்டது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் ஐபிஎஸ் செல்லை (வளர்ந்த செல்லை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பி எடுப்பது) வைத்துச் செய்த சோதனையும் புதுக் காயத்துக்குத்தான். 4 பேரில் 2 பேருக்குப் பலன்.

பழைய காயம் என்றால் என் ஓட்டு மின்தூண்டலுக்கு. சுவிட்சர்லாந்தின் லோசானில், அடிபட்டு நான்கு வருடம் தாண்டியவர்களுக்குத் தண்டுவடத்தின் மேல் மின்முனை பதித்து, பிடிமானத்தோடு நடக்க வைத்ததை 2018-ல் வெளியிட்டார்கள். கழுத்தில் அடிபட்டுக் கை முடங்கியவர்களுக்கு, தோலின் மேல் ஒட்டினாலே போதும் என்கிற ஆர்க்-எக்ஸ் கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சோதனையில் 60 பேரில் 72 சதவீதத்தினருக்குக் கையின் வலுவும் செயல்பாடும் கூடின. சுவிட்ச் போட்டதும் நடந்துவிடுவார்கள் என்று இல்லை, கூடவே மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

பயிற்சி என்றதும் சலித்துக்கொள்கிறோம். 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் உட்கார்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் வந்ததே அவரால்தான். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க, சிறுநீர்க் குழாயைத் தானே சுத்தமாகப் போட, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறக் கற்றுக்கொடுப்பது இப்படிப்பட்ட இடங்கள்தான்.

அப்புறம் நம் ஊர் விளம்பரங்கள். பக்கவாதத்துக்கோ தண்டுவடக் காயத்துக்கோ ஸ்டெம் செல் போடுவதை, முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது என்று 2017-லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. லட்சங்களில் பணம் கேட்டால், ஆய்வுப் பதிவு எண் எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பணத்தில் நல்ல வீல்சேரும் காற்று மெத்தையும் வாங்கி, ஆறு மாத பிசியோதெரபிக்கும் கொடுத்துவிடலாம்.