ஜி.டி.ஏ 6-க்கு முற்பணம் கேட்கிறார்களா? மட்டக்களப்பு, கல்முனை ஆட்கள் கவனம்

மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனைப் பக்கத்திலும் வீடியோ கேம் வாங்குகிற ஆட்களுக்காக, அதிலும் ரொக்ஸ்டார் நிறுவனத்தின் ஜி.டி.ஏ 6 என்கிற கேமுக்குக் காத்திருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். "இன்ன திகதி பெரிய ஷோ இருக்கு, அதில அறிவிப்பு வரும், வந்த கையோட விலை கூடும், இப்பவே முற்பணம் கட்டி வைங்க" என்று வட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடுகிற கடையிடம் சல்லி கட்டாதீர்கள் (ஷோ என்றால் கேம் நிறுவனங்கள் புதுக் கேம்களை அறிவிக்கிற நிகழ்ச்சி). "இப்பதான் திடீரெண்டு இறங்கியிருக்கு, இண்டைக்கு ராவைக்கு மட்டும் இந்த விலை" என்று போட்டாலும் கட்டாதீர்கள். என்னை ஒரே ஆள் இந்த இரண்டு விதத்திலும் பேய்க்காட்டினார். கடையின் பெயரைப் போடவில்லை. மீதிக் காசு இன்னும் அவர் கையில் இருப்பது ஒரு காரணம். இதே சுத்துமாத்தை வேறு இடங்களிலும் செய்கிறார்கள் என்பது மற்றது. பெயரைப் போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் விலக்கிவிட்டுப் பக்கத்துக் கடையில் போய் மாட்டிக்கொள்வோம்.

நாம் ஏன் இப்படியான கடைகளை நம்பியிருக்கிறோம் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் என்கிற கேம் கருவிக்கு இலங்கைக்கென்று ஒரு இணையக் கடை கிடையாது. இங்கே பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, பிரித்தானியா, ஐக்கிய அரபு அமீரகம் என்று ஏதாவதொரு நாட்டுக் கணக்கைத் திறந்து, அந்த நாட்டுக்குரிய கிப்ட் கார்ட் (கணக்கில் காசு ஏற்றுகிற கார்ட்) வாங்கித்தான் கேம் எடுக்க வேண்டும். அமெரிக்கக் கார்ட் பிரித்தானியக் கணக்கில் ஏறாது. அந்தக் கார்டை விற்கிறவர் கடைக்காரர். கணக்கைத் திறந்து கொடுப்பவரும் பெரும்பாலும் அவரேதான். கணினியில் ஸ்டீம் என்கிற இணையக் கேம் கடையைப் பாவிப்பவர்களுக்கு நிலைமை இவ்வளவு மோசமில்லை, வங்கி அட்டை இருந்தால் நேரடியாகவே வாங்கலாம். ஆனால் படிக்கிற பெடியன்மாரிடம் அட்டை எங்கே இருக்கிறது?

முதல் சம்பவம் 2025 ஏப்ரல் 22. தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்கிற கேம் வரிசையில் 2006-இல் வந்த ஒப்லிவியனைப் புதுப்பித்து, அன்று அறிவித்து அன்றே விற்பனைக்கு விட்டார்கள். படங்கள் சில நாள் முன்னரே கசிந்திருந்தன என்பது வேறு கதை. நம்முடைய நேரத்துக்கு இரவு எட்டரை மணி. விலை 50 டொலர், அப்போதைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 15,000 ரூபா. கொஞ்ச நேரத்துக்குள் கடைக்காரத் தம்பி ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார்: 9,000 ரூபா, ஒரிஜினல், காலையில் விலை ஏறும். இந்த மாதிரித் திடீர் வெளியீடுகளில் நடப்பதே இதுதான். விமர்சனம் வாசிக்கவோ, விலை விசாரிக்கவோ, "இந்தக் கடையில வாங்கினியா, எப்பிடி?" என்று ஒருவரைக் கேட்கவோ நேரமில்லை. 2019 பெப்ரவரியில் ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் அப்படித் திடீரென்று வந்தது, ஆனால் அது இலவசம், அதனால் இடையில் நிற்கிறவருக்கு வேலையில்லை. 2023 ஜனவரியில் ஹைபை ரஷ் வந்ததும் அறிவித்த அன்றேதான். காசு கொடுத்து வாங்குகிற ஒன்று இப்படி இறங்கும்போதுதான் இவர்களுக்குக் கொண்டாட்டம்.

சல்லியைப் போட்டேன். வந்தது கோட் இல்லை. ஒரு யூசர் நேமும் பாஸ்வேர்டும். கேட்டால், "அண்ணன், கோட் எல்லாம் முடிஞ்சிது, இதுவும் அதுதான், இதில போய் டவுன்லோட் பண்ணுங்க" என்றார். இங்கேதான் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கிறது. கோட் என்றால் அதை உங்கள் சொந்தக் கணக்கில் பதிந்த பிறகு கேம் உங்களுடையது. யூசர் நேம், பாஸ்வேர்ட் தந்தால் கணக்கும் கேமும் தந்தவருடையவை, நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள். ஒரே கணக்கை எத்தனை பேருக்கு விற்றாரோ தெரியாது. புதுக் கணினியில் நுழையும்போது ஸ்டீம் கேட்கிற இலக்கம் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும், அதை அவர் எடுத்து அனுப்பும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். கணக்கை விற்பது ஸ்டீமின் விதிகளுக்கு முரண், ஆகவே பிரச்சினை வந்தால் அவர்களிடம் போய் முறையிடவும் வழியில்லை. நேரடியாக வாங்கியிருந்தால் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். இரவல் கணக்கில் அந்த உரிமையும் போய்விடும், காசு திரும்பினாலும் அவருடைய பைக்குத்தான் திரும்பும்.

120 ஜிகாபைட்டுக்கு மேல் இறக்க வேண்டிய கேம். இறக்கி முடித்தேன், விளையாட்டும் நன்றாகவே ஓடியது. ஓடினபடியால்தான் மற்ற வலை விழுந்தது.

மே 2ஆம் திகதி ரொக்ஸ்டார் நிறுவனம் ஜி.டி.ஏ 6-ஐ 2026 மே 26-க்குத் தள்ளிவைத்தது. நாலு நாள் கழித்து, மே 6ஆம் திகதி மாலை, முன்னறிவிப்பே இல்லாமல் இரண்டாவது ட்ரெய்லரை விட்டது. முதலாவது ட்ரெய்லர் 2023 டிசம்பரில் நாளும் நேரமும் சொல்லி வைத்து வரவிருந்தது, அது கசிந்துவிட்டதால் சொன்ன நேரத்துக்கு முன்னரே விட வேண்டி வந்தது. நேரம் சொன்னது முந்தி வந்தது, சொல்லாதது சத்தமில்லாமல் வந்தது. ஒரே நிறுவனம், ஒரே கேம். இதில் எதை வைத்து அடுத்தது எப்போது என்று ஒரு கடைக்காரர் உறுதி சொல்வது?

ஆனால் சொன்னார். கடைக்குப் போன என்னிடம், "ஜூன் மாசம் மூண்டு ஷோ இருக்கு அண்ணன், ஒண்டில கட்டாயம் முன்பதிவு திறப்பாங்க. 100 டொலர் வருமெண்டு கதை. இப்ப 12,000 கட்டுங்க, மறுகா மிச்சம் 8,000 தாங்க, விலையை நான் லொக் பண்ணித் தாறன்." அந்த நேரத்தில் ரொக்ஸ்டார் விலையும் சொல்லவில்லை, முன்பதிவும் திறக்கவில்லை. 100 டொலர் என்பது இணையத்தில் சுற்றித் திரிந்த ஊகம். விதைக்காத வட்டைக்கு நெல் விலை பேசி முற்காசு வாங்குகிற வேலை இது. தெரியாமல் 12,000-ஐக் கட்டினேன். பற்றுச்சீட்டு கேட்டதற்குக் கொப்பித் தாளில் தொகையும் திகதியும் எழுதித் தந்தார், கடை முத்திரை இல்லை.

மூன்று ஷோவும் உண்மையானவை, அதுதான் இந்த வித்தையின் பலம். சோனியின் ஸ்டேட் ஒப் பிளே ஜூன் 4, சமர் கேம் பெஸ்ட் ஜூன் 6, மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ் ஷோகேஸ் ஜூன் 8. எல்லாம் கூகிளில் தேடினால் வரும். திகதி உண்மையாக இருந்தால் அதோடு ஒட்டி வருகிற பொய்யும் உண்மை போலவே தெரிகிறது. முதல் இரண்டும் நமக்கு அதிகாலை இரண்டரை மணிக்கு. என் அக்காவின் மகன் ஏ.எல். படிக்கிறான், அவன் முழித்திருந்து பார்த்தான் (அக்காவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்). மூன்றிலும் ஜி.டி.ஏ 6 இல்லை.

கடைக்காரரிடம் போனேன். "ஷோவில வரல்லத்தான் அண்ணன். அவங்க சர்ப்ரைஸாத்தான் விடுவாங்க, ட்ரெய்லர் ரெண்டு எப்பிடி வந்தது? எந்த நேரமும் வரும்." பிறகு, ஹொலோ நைட்: சில்க்சோங் என்கிற கேமின் வெளியீட்டுத் திகதியை ஓகஸ்ட் 21ஆம் திகதி அறிவித்து, செப்டம்பர் 4ஆம் திகதி வெளியிட்டார்கள் அல்லவா, அதையும் எடுத்துக் காட்டினார்: "பாத்தீங்களா, ரெண்டு கிழமைதான் இடைவெளி!" அதே சில்க்சோங் 2019-இல் அறிவிக்கப்பட்டது, 2022 ஜூனில் எக்ஸ்பொக்ஸ் ஷோவில் அடுத்த 12 மாதத்துக்குள் விளையாடலாம் என்று காட்டப்பட்ட கேம்களில் ஒன்றாக இருந்தது, பிறகு 2023-இல் தள்ளிப்போனது என்பதையெல்லாம் அவர் சொல்லவில்லை. ஷோ வருகிறதென்றால் ஷோவைக் காட்டுவார், ஷோ வெறுங்கையோடு முடிந்தால் சர்ப்ரைஸைக் காட்டுவார். சர்ப்ரைஸும் வராவிட்டால் அடுத்த ஷோ இருக்கிறது. வருடம் முழுக்க ஏதாவதொன்று இருந்துகொண்டே இருக்கும், உங்கள் காசு அவர் கையில் சுழன்றுகொண்டே இருக்கும்.

இதற்கிடையில் ஒப்லிவியன் கணக்கின் பாஸ்வேர்ட் மாறிவிட்டது. "சர்வர் பிரச்சினை" என்றார். ஒரு கணக்கின் பாஸ்வேர்ட் மாறுவதற்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "மெயினாக இருக்கிற ஆள் மாத்தியிருப்பார், கதைச்சிப் பாக்கிறன்" என்று வந்தது பதில். அந்த மெயின் ஆள் யார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

உண்மையில் பிடித்தது மருமகன்தான். கடையின் போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில பி.சி.க்கும் முன்பதிவு எண்டு போட்டிருக்கு. ரொக்ஸ்டார் பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸுக்கும் மட்டும்தான் அறிவிச்சிருக்கு" என்றான். அறிவிக்கவே இல்லாத கணினிப் பதிப்புக்கும் மனுஷன் முற்பணம் வாங்கியிருக்கிறார். கடையில் நான் நின்ற நேரம் வந்த இன்னொரு பெடியன் அதற்குத்தான் கட்டியிருந்தான். அவனுடைய கையிலும் அதே கொப்பித் தாள்.

2025 நவம்பர் 6ஆம் திகதி ரொக்ஸ்டார் மறுபடியும் தள்ளிவைத்தது, இந்த முறை 2026 நவம்பர் 19-க்கு. அடுத்த நாள் போய்க் காசைத் திருப்பிக் கேட்டேன். முதலில், "கடைக் கணக்கில கிரெடிட்டா வைங்க, வேற கேம் எடுங்க." பிறகு, "நான் மேல ஆளுக்குக் கட்டிட்டன்." மேலே யாருக்குக் கட்டினார்? திறக்காத முன்பதிவுக்குக் காசு வாங்குகிற கடை உலகத்தில் எங்கே இருக்கிறது? இதைச் சத்தமாகக் கேட்ட பிறகு, வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்த பிறகு, 6,000 ரூபாவை எண்ணித் தந்தார். மிச்சம் மாதக் கடைசிக்குள் என்கிறார். ஒப்லிவியன் 9,000-ஐப் பற்றிக் கதையே இல்லை.

நியாயமாகக் கதைத்தால், பெரிய நிறுவனங்களே இந்த விஷயத்தில் ஒழுங்கில்லை. 2020 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 முன்பதிவு மறுநாள் தொடங்கும் என்று சோனி சொன்னது, அமெரிக்கக் கடைகள் அன்றிரவே திறந்துவிட்டன, கடைசியில் சோனி மன்னிப்புக் கேட்டது. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவியை 2025 ஏப்ரல் 2ஆம் திகதி நேரம் சொல்லி நடத்திய நிகழ்ச்சியில் விவரமாக அறிவித்தார்கள், அமெரிக்காவில் 9ஆம் திகதி திறக்க இருந்த முன்பதிவு வரிப் பிரச்சினையால் 24-க்குப் போனது. 1995-இல் சேகா தன்னுடைய சாட்டர்ன் கருவியை ஈ3 கேம் கண்காட்சி மேடையில் வைத்தே "இன்றிலிருந்து கடையில்" என்று திடுக்கென்று அறிவித்தபோது, பங்கு கிடைக்காத கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதே கண்காட்சியில் சோனி தன் பிளேஸ்டேஷன் விலையை 299 டொலர் என்று ஒற்றை வரியில் சொல்லி, சாட்டர்னின் 399-ஐ மடக்கியது. செய்கிறவர்களின் சொந்தத் திகதிகளே இப்படி ஆடும்போது, மட்டக்களப்பில் இருக்கிற ஒருவர் அவர்களுக்காகத் திகதி குறிப்பதை என்னவென்று சொல்வது.

என்னைக் கேட்டால் நாள் சொல்லி நடத்துகிற ஷோக்களே நல்லவை. அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையில் கொஞ்சக் காலம் கிடைக்கும், விலை, எந்தக் கருவியில் ஓடும், எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். திடீர் வெளியீட்டில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டிஜிட்டல் கேம் தட்டுப்படுகிற சாமானில்லை, நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும். "ஸ்டொக் முடியுது" என்று யாராவது சொன்னால், அவரிடம் முடிவது கோட் இல்லை, விற்கக்கூடிய இரவல் கணக்குகள். ஸ்டீமில் முன்பதிவு செய்ததை வெளியீட்டுக்கு முன் எந்த நேரமும் ரத்துச் செய்து காசை மீட்கலாம். கடைக்காரரின் "முன்பதிவு" அப்படி மீளுமா என்று முதலிலேயே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். தயாரித்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் விலையும் வாங்குகிற பொத்தானும் கண்ணுக்குத் தெரியாதவரை ஒரு ரூபாவும் வேண்டாம். கிப்ட் கார்ட் வாங்கினால் உங்கள் கணக்கில் நீங்களே பதிந்து, தொகை ஏறியதைக் கடையில் நின்றே பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அதே கடை புதுப் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. 2025 டிசம்பர் 11ஆம் திகதி கேம் அவார்ட்ஸ் என்கிற கேம் விருது விழா, நமக்கு 12ஆம் திகதி விடியக்காலை. "அதில ஜி.டி.ஏ 6 முன்பதிவு உறுதி" என்று எழுதி, முற்பணத்தை 15,000 ஆக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டியிருப்பவர்கள் வட்ஸ்அப் உரையாடலையும் அந்தக் கொப்பித் தாளையும் அழிக்காமல் வையுங்கள், வங்கியால் போட்டிருந்தால் ஸ்லிப்பையும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். பி.சி.க்குக் கட்டிய அந்தத் தம்பி இதை வாசித்தால் உள்பெட்டியில் வாரும், இரண்டு பேருமாகச் சேர்ந்து போவோம்.