கூரை திறக்கும் மூன்று கிழட்டுக் குதிரைகள்: எதை வாங்கலாம்?

"முழுசாகப் புதுப்பித்தது" என்று அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பழைய மசில் கார்களில் (பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்கள்), வாங்குபவரை அதிகம் ஏமாற்றுவது கூரை திறக்கும் கன்வெர்ட்டிபிள்தான். மேலே கூரை தாங்காததால் பாரமெல்லாம் தரைத் தகட்டில் இறங்கும். அங்கே துரு பிடித்த வண்டிக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போட்டோவில் ஜொலிக்கும். பள்ளத்தில் இறங்கினால் முனகும்.

1967 ஃபோர்டு மஸ்டாங்தான் மூன்றில் எளிதாகக் கிடைப்பது. அந்த ஆண்டு மட்டும் 44,808 கன்வெர்ட்டிபிள்கள் வந்தன. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டாம். தொழிற்சாலையிலேயே பொறித்த வண்டி எண்ணின் (பதிவு எண் அல்ல) ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும்: எஸ் என்றால் 390 கன அங்குலம், 320 குதிரைத்திறன். உடம்பைத் தாங்கத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது என்பதுதான் பலவீனம். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தில் தண்ணீர் தேங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஒரு பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். கால்மிதி நனைந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது கிளம்புங்கள்.

1969 செவர்லே கமாரோ அழகில் முதலிடம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இதில் போலிகளும் அதிகம். வண்டி எண் 12467 என்று தொடங்கினால் வி-8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) கன்வெர்ட்டிபிள் என்று மட்டும் தெரியும், கூடுதல் சக்தியுள்ள எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) ரகமா என்பது அதில் இல்லை. சாதா கமாரோவில் எஸ்.எஸ். சின்னத்தை ஒட்ட எவ்வளவு நேரமாகும்? கமாரோவின் பந்தய ரகமான இசட்/28-இல் கன்வெர்ட்டிபிள் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். கம்பெனி அப்படி ஒன்றை விற்பனைக்கு விடவே இல்லை.

என் ஓட்டு 1967 பொன்டியாக் ஜி.டி.ஓ.வுக்கு. எண் 242-இல் தொடங்கினால் ஜி.டி.ஓ., அடுத்து 67 வந்தால் கன்வெர்ட்டிபிள்; சின்னம் ஒட்டி ஏமாற்ற வழியில்லை. 1965 வரை ஜி.டி.ஓ. தனி மாடலாக இல்லாமல் கூடுதல் காசுக்கான பேக்கேஜாக இருந்ததால் அந்த வண்டிகளில் இந்த வசதி கிடையாது. எஞ்சின், நிறம் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்று பார்க்க, பொன்டியாக்கின் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் பி.எச்.எஸ். நிறுவனத்திடம் பழைய பில் நகல் காசுக்குக் கிடைக்கும். கீழே தனி சேசிஸ் இருப்பதால் உடம்பு அவ்வளவு ஆடாது. 400 கன அங்குல எஞ்சினுக்கு வழக்கமாக 335 குதிரைத்திறன் என்பார்கள். எஞ்சினை மட்டும் தனியே வைத்து அளந்த அந்தக் காலக் கணக்கு அது, இன்றைய கார்களோடு ஒப்பிடாதீர்கள். அந்த ஆண்டு வந்தவை 9,517 கன்வெர்ட்டிபிள்கள்தான். விலையும் அதற்கேற்ப ஏறும், சின்னச் சின்ன அலங்காரப் பாகங்களுக்கும் கை கடிக்கும். ஜி.டி.ஓ.வில் முன்பக்க டிஸ்க் பிரேக் அந்த ஆண்டில்தான் முதன்முதலாகக் கிடைத்தது; அது இருக்கிற வண்டியாகத் தேடுங்கள்.

சரி, எதுவானாலும் பணம் கொடுக்கும் முன் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். உரசினால், புதுப்பித்தது பெயின்ட் மட்டும்தான்.