சீட் நம்பர் இல்லாத விமானமும் ஏற்காடு பஸ் துண்டும்

என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் மகனைப் பார்க்க டல்லாஸ் கிளம்புகிறார். போனில் கேட்டார்: "ஏங்க, நீங்க வருஷா வருஷம் போவீங்களே, சீட் நம்பரே போடாத அந்த பிளேன். அதுல நான் முன்னாடி ஏறி எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு சீட்டு போட்டு வெச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கள்ல?"

அந்த முறையே இப்போது இல்லை. அவர் சொன்னது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பெனி விமானத்தை. 2026 ஜனவரி 27 முதல் அதிலும் சீட் நம்பர் வந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு நான் போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அந்த அம்மா "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லித்தான் தப்பித்தார். அவரிடம் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மகள் டல்லாஸில், மகன் ஃபீனிக்ஸில். அங்கே போனால் இவள் வீட்டில் பாதி, அவன் வீட்டில் பாதி. நடுவில் போய்வர சவுத்வெஸ்ட்தான். ஆக, இது ஒரு தடவை போய்விட்டு வந்து எழுதுவது இல்லை.

பழைய முறை இப்படி இருந்தது. கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்னால் செக்-இன் திறக்கும். சீக்கிரம் அழுத்தினால் ஏ, கொஞ்சம் அசந்தால் பி, தூங்கிவிட்டால் சி. ஒவ்வொரு எழுத்திலும் 1 முதல் 60 வரை எண். அந்த எண் வரிசையில் நிற்பதற்குத்தான், சீட்டுக்கு இல்லை. உள்ளே போய் எது காலியோ அதில் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. என் மகள் போனில் அலாரம் வைத்து, நொடி பார்த்து அழுத்துவாள். அப்படியும் பெரும்பாலும் பி தான் கிடைக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்குப் பொறுமை இருக்காது. அந்த வரிசை இருக்கிறதே, அது ஓர் அழகு. வாசலுக்கு முன்னால் எண் எழுதிய கம்பங்கள். ஐந்தைந்து எண்ணாக ஜனங்கள் போய் நிற்பார்கள். "நீங்க 33-ஆ? நான் 34" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்டு, நகர்ந்து இடம் விட்டு, தானாக வரிசை சரியாகிவிடும். கோட்டும் சூட்டும் போட்டவர் 41 என்றால், செருப்போடு வந்த 40-க்குப் பின்னால்தான் நிற்பார். காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தே தொண்டை கட்டிப்போனவள் நான். யாரும் பிரம்பு எடுக்காமல் நூற்றுச் சொச்சம் பேர் இப்படி நிற்பதை முதல் தடவை பார்த்தபோது கை தட்டலாம் போல இருந்தது. அந்த எண் முறை 2007-இல் வந்ததாம். அதற்கு முன்னால் அந்தந்த எழுத்துக்குள் அவரவர் முந்திக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

இத்தனை ஒழுங்கும் விமானத்தின் கதவு வரைக்கும்தான்.

ஒரு ஃபீனிக்ஸ் பயணம். நாங்கள் பி முப்பதுகளில். ஏழாவதோ எட்டாவதோ வரிசையில் ஜன்னல் சீட் காலி என்று எட்ட இருந்தே கண்ணில் பட்டது. நடைபாதைப் பக்கம் ஓர் அம்மாள், என் வயது இருக்கும். நடு சீட்டில் அவருடைய கோட்டை விரித்து வைத்திருந்தார், ஜன்னல் சீட்டில் கைப்பை. நான் ஜன்னலைக் காட்டியதும் சிரித்த முகமாகவே தலையை ஆட்டினார். ஆள் வருகிறதாம். எனக்கு முன்னால் போனவரிடமும் அதே சிரிப்பு, பின்னால் வந்தவரிடமும் அதே சிரிப்பு. நான் பின் வரிசையில் ஒரு நடு சீட்டில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு இன்னும் பின்னால் ஒரு நடு சீட்.

ஏ முடிந்து, பி முழுக்க ஏறி, சி-யும் பாதி ஏறிய பிறகு வந்தார்கள் அந்த 'ஆட்கள்'. தாடி வைத்த இரண்டு பையன்கள், ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட்டோடு. சின்னக் குழந்தைகள் என்றால்கூட மனசு ஆறியிருக்கும். ஒருத்தன் ஜன்னல் சீட்டில் விழுந்தான், ஜன்னல் மூடியைக் கீழே இழுத்தான், தூங்கிவிட்டான். ஃபீனிக்ஸ் வரைக்கும் அந்த மூடி திறக்கவே இல்லை. கீழே நியூ மெக்சிகோ எப்படி இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சின்னக் குழந்தைகளுக்கு அங்கே ஏற்கனவே வழி இருந்தது. ஆறு வயதுக்குள் குழந்தை வைத்திருப்பவர்கள் ஏ முடிந்ததும் பி-க்கு முன்னால் ஏறிக்கொள்ளலாம். அதனால் "பிள்ளை தனியா உட்காருமே" என்ற நியாயம் எடுபடாது. ஆறு வயதுக்குள் பிள்ளை இல்லாதவர்கள்தான் இடம் பிடித்தார்கள். கோட்டாவது கௌரவம். நடு சீட்டில் கசக்கிய டிஷ்யூ காகிதத்தைப் போட்டுவிட்டு, ஆள் வரும்போதெல்லாம் இருமிக் காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கம்பெனியின் விதியில் இடம் பிடிக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. இத்தனை வருடமும் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள்.

"நீங்க ஏற்காடு பஸ்ல பார்க்காததா டீச்சர்?" என்று போனில் கேட்ட அந்தத் தோழி சிரித்தார். அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏற்காடு பஸ்ஸை இதோடு சேர்க்கவே கூடாது.

அந்த பஸ்ஸில் எத்தனையோ வருடம் போய்வந்தவள் நான். பள்ளிக்கூடம் மேலே, வீடு கீழே சேலம் அஸ்தம்பட்டியில். பஸ் ஸ்டாண்டிலேயே சீட் நிரம்பித்தான் எங்கள் நிறுத்தத்துக்கு வரும். பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற சக ஆசிரியை தன் டிபன் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். நான் ஏறியதும் அந்தப் பை அவர் மடிக்குப் போகும். இடம் பிடித்துத்தான் நானும் போனேன், அதை மறைப்பானேன். ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

ஒரு ஆள் ஒரு இடம்தான் பிடிக்கலாம். பிடித்த ஆள் பையை எடுக்காமல் தூங்குவதுபோல நடிக்கக் கூடாது. கர்ப்பிணியோ, கைக்குழந்தைக்காரியோ, தடி ஊன்றிய பெரியவரோ ஏறிவிட்டால் பைக்கு மரியாதை கிடையாது. பல நாள் எனக்காகப் பை வைத்துப் பிடித்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருக்க, கம்பியைப் பிடித்தபடி இருபது கொண்டை ஊசி வளைவையும் நின்றுகொண்டே ஏறியிருக்கிறேன். அதற்கு மேல் கண்டக்டர் என்று ஒரு நீதிபதி இருந்தார். துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது யாருது? இதுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். விசில் ஊதுவதற்குள் துண்டுக்காரர் வந்தால் சரி, விசில் ஊதியாகிவிட்டால் துண்டு வெறும் துணி.

மே மாதத்தில், கோடை விழா சமயத்தில், சாயங்காலம் கீழே இறங்குகிற பஸ்ஸைப் பார்த்திருக்க வேண்டும். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் தொப்பி விழும், குடை விழும், கமலா ஆரஞ்சுப் பை விழும். ஒரு தடவை என் மடியிலேயே ஒரு குழந்தை வந்து விழுந்தது. வெளியில் இருந்து அப்பா, "அம்மா, அவனைப் பக்கத்து சீட்ல உட்கார வைங்க, ஏறி வந்துடறேன்" என்கிறார். அது பாட்டுக்கு உட்கார்ந்து என் வளையலை எண்ணிக்கொண்டிருந்தது. அப்பா படிக்கட்டில் நசுங்கி, சட்டைப் பொத்தான் தெறித்து வந்து சேர்ந்தார். அந்த சீட்டுக்காக அவர் பாடுபட்டிருக்கிறார். துண்டு போட்டவரும் வியர்வை சிந்தியவரும் ஒரே ஆள். டிக்கெட்டும் எல்லாருக்கும் ஒரே விலை.

விமானத்தில் அது இல்லை. யோசித்துப் பார்த்தால் கோளாறு ஆரம்பித்த இடமும் தெரிகிறது. வரிசை எல்லாருக்கும் பொதுவாக இருந்தவரை, நேரத்தோடு வந்தவனுக்கு நல்ல இடம் என்று ஒரு நியாயம் இருந்தது. 2009-இல் 'ஏர்லி பேர்ட்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அன்று 10 டாலர். கட்டினால், 24 மணி நேரத்துக்கு முன்பே உங்கள் எண்ணை அவர்களே எடுத்துவைத்துவிடுவார்கள். ஏ 1 முதல் 15 வரை இன்னும் பெரிய காசு கட்டியவர்களுக்கு. அப்புறம் என்ன, குடும்பத்தில் ஒருத்தர் மட்டும் காசு கட்டுவார், மற்றவர்கள் சும்மா சி-யில் வருவார்கள். ஒருத்தர் கட்டிய காசுக்கு மூன்று சீட். அலாரம் வைத்துக் காத்திருந்த என் மகளுக்கு நடு சீட் அம்மா. வரிசையில் இடத்தை விற்க ஆரம்பித்த அன்றே, உள்ளே இடம் பிடிப்பது கூடுமா கூடாதா என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

வீல்சேர் விஷயம் தனிக்கதை. சக்கர நாற்காலி வேண்டியவர்களை எல்லாருக்கும் முன்னால் ஏற்றுவார்கள், அது நியாயம். ஆனால் ஏறும்போது வரிசையாகப் போகிற நாற்காலிகளில் பாதி, இறங்கும்போது தேவைப்படுவதில்லை. "அம்மா, உனக்கும் மூட்டுவலிதானே, போட்டுடவா?" என்று மகள் கேட்டாள். நிஜமாகவே முடியாத நாள் வந்தால் போடு என்றுவிட்டேன்.

இந்த முறையே முட்டாள்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 1971-இல் டெக்சஸுக்குள் மட்டும் பறக்க ஆரம்பித்த கம்பெனி. அடுத்த வருடமே காசில்லாமல், கையில் இருந்த நான்கு விமானத்தில் ஒன்றை விற்றுவிட்டார்கள். நான்கு செய்த வேலையை மூன்றை வைத்து ஓட்டவேண்டும். அதற்காக, தரையிறங்கிய பத்தே நிமிடத்தில் மறுபடியும் கிளம்பும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நம்பர் தேடி நிற்காமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தால் அந்த வேகத்துக்கு உதவும். நம் ஊரிலும் 2003-இல் ஏர் டெக்கன் வந்தபோது இதே கதைதான். ஐரோப்பாவில் ஈஸிஜெட் 2012-இலும் ரயன்ஏர் 2014-இலும் நம்பருக்கு மாறிவிட்டன. சவுத்வெஸ்ட்தான் கடைசி வரை பிடிவாதமாக நின்றது. 2024 ஜூலையில் அதுவும் விட்டுவிட்டதாக அறிவித்தது. தங்கள் பயணிகளில் நூற்றுக்கு 80 பேர் சீட் நம்பரைத்தான் விரும்புகிறார்கள் என்று அவர்களே கேட்டறிந்தார்களாம்.

அந்த எண்பதில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கு மகளிடம் சொன்னேன். இப்போது புதிய முறையின் விவரத்தைப் படித்தபிறகு சேர வேண்டாம் போல இருக்கிறது. ஏ, பி, சி போய் 1 முதல் 8 வரை குழுக்கள். கால் நீட்ட இடமுள்ள சீட்டுக்கு ஒரு விலை, முன்பக்க சீட்டுக்கு ஒரு விலை. ஆகக் குறைந்த டிக்கெட் எடுத்தால், செக்-இன் சமயத்தில் அவர்கள் கொடுக்கிற சீட்டில் உட்கார வேண்டியது. சீட்டில் கோட்டை விரித்து வைத்த அம்மாளையாவது முறைத்துப் பார்க்கலாம். இப்போது நல்ல இடத்தில் எல்லாம் கம்பெனியே துண்டு போட்டுவிட்டு, எடுக்கக் காசு கேட்கிறது. அதை யாரிடம் போய் முறைப்பது?

இங்கேயும் அதே வியாபாரம்தான். ஆனால் நம் சேலம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வருகிற ஏடிஆர் என்ற சின்ன விமானத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட்தான், நடு சீட் என்பதே கிடையாது. எது வந்தாலும் ஒன்று ஜன்னல், இல்லையென்றால் நடைபாதை. அந்த விஷயத்தில் சேலத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தோழிக்கு உபயோகமாக: தம்பதி சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சீட் விலையைக் கூட்டிக் கணக்குப் பாருங்கள். கடைசியில் சேர்த்தால் உறைக்கும். இரண்டு பெட்டி இலவசம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, 2025 மே மாதக் கடைசியோடு முடிந்துவிட்டது. வீட்டுக்காரருக்கு இடம் போடுகிற வேலையை அடியோடு மறந்துவிடுங்கள்.

நட்சத்திரம் போடச் சொன்னால், பழைய வரிசைக்கு ஐந்தில் ஐந்து. உள்ளே உட்கார்ந்த அனுபவத்துக்கு ஒன்று, அதுவும் விமானம் நேரத்துக்குப் போனதற்காக. கூட்டி வகுத்தால் மூன்று வரும். ஆனால் நான் நான்கு போடுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள், இன்றைக்கு அப்படித் தோன்றுகிறது. அந்தத் தாடிக்காரப் பையன் நினைவுக்கு வருகிற நாளில் இரண்டு போடுவேன்.

ஜூனில் எங்களுக்கு மறுபடியும் ஃபீனிக்ஸ் பயணம் இருக்கிறது. "உட்காருகிற இடத்துக்குத் தனியாகக் காசா, ஒரு டாலர்கூடக் கட்டமாட்டேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான் கட்டிவிட்டேன். ஜன்னல் சீட். எனக்கு மட்டும்.