முதல் கிளிக்கைக் கேட்காத கடையும், கேட்ட கடையும்

ஏற்காட்டில் காலை ஏழு மணிக்குப் பழைய ஃபிலிம் கேமராவை ஒரு நொடி என்று வைத்து அழுத்தினால், ஷட்டர் மூன்று நொடிக்குத் திறந்தே கிடக்கிறது. அதே கேமராவை இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, உச்சி வெயிலில் சேலத்துக் கடை மேஜையில் வைத்தால் சமர்த்தாக வேலை செய்கிறது. கடைத் தம்பி லீவரைச் சரக் சரக்கென்று இழுத்துப் பல தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு சார்" என்று திருப்பி நீட்டுகிறார். தட்டியதெல்லாம் 1/125 நொடியில். மெதுவான எண் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கேமரா யாஷிகா டி. இரட்டை லென்ஸ் (மேலது குறிபார்க்க, கீழது படம் எடுக்க), 120 ஃபிலிம், ரோலுக்கு 12 சதுரப் படம். பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து கல்யாணம் வரை ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் ஓடிய ரகம்தான். அஞ்சு ரோடு, செர்ரி ரோடு பக்கம் இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரு கையாவது மிச்சமிருக்கும் என்று நம்பி வருவது லண்டனிலிருந்து வரும் என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களின் வியாதி. அங்கே இப்போது ஆல்பம் டிசைனும் டிரோன் வாடகையும்தான். பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடைத் தம்பி கவுன்ட்டருக்கு அடியிலிருந்து பூட்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை எடுத்து, "உள்ள ரெண்டு அடி அடிச்சுத் தரட்டுமா?" என்றார் பாருங்கள், கேமராவைப் பிடுங்காத குறைதான்.

இது இதழ் ஷட்டர். மெல்லிய எஃகு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து திறந்து மூடும். அவற்றில் எண்ணெய் துளிகூடப் படக் கூடாது. பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடித்த அன்று ஓடும், கொஞ்ச நாளில் 1/500கூடச் செத்துப்போகும். மெதுவான வேகங்களை அளப்பது வேறொரு பகுதி: குட்டிப் பல்சக்கர வரிசை, அதன் கடைசியில் இடதும் வலதுமாக ஆடும் ஒரு பேலட். ஒரு நொடியில் அழுத்தும்போது 'கிர்ர்ர்' என்று கேட்பது அதன் சத்தம். வருடக்கணக்கில் பீரோவில் கிடந்தால், அச்சு முனைகளில் விட்ட எண்ணெய் தீபாவளிக்கு மறுநாள் வடச்சட்டிப் பிசுக்கு மாதிரி இறுகிவிடும். குளிரில் இன்னும் இறுகும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் எட்டுப் பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம். நாலைந்து தடவை ஓடவிட்டால் பிசுக்கு இளகி வேகம் சரியானதுபோல் காட்டும். ஆகவே முதல் கிளிக்தான் உண்மையைச் சொல்லும். அடுத்தடுத்துத் தட்டிப் பார்ப்பது நோயை மறைக்கிற வேலை.

இதைப் புரிந்துகொண்டவர் கேமராக்காரரே இல்லை. முதல் அக்ரஹாரம் பக்கம் ஒரு சந்தில், கண்ணில் லூப் மாட்டி உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர். கேமராவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "ராத்திரி பூரா சும்மா கெடந்துட்டுக் காலைல மொத தடவை அமுக்கறப்ப எப்படீங்க போகுது?" லண்டனில் சர்வீஸுக்கு அனுப்பும்போது நிரப்பும் படிவத்தில் இந்தக் கேள்வி கிடையாது. கேமராவை விட்டுப் போகச் சொன்னார். மறுநாள் கடை திறந்ததும் முதல் கிளிக்கைக் காதோரம் வைத்துக் கேட்டார். சத்தம் சீராக வராமல், பாதியில் இழுத்து, நின்று, மறுபடி ஓடியது. "பல்லு தேயலை, அழுக்குத்தான்" என்றார்.

முன்பக்கத் தோலை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் அடியில் முகப்பைப் பிடித்திருக்கும் திருகுகள். கீழ் லென்ஸின் முன்பகுதியை ரப்பர் வைத்து அழுத்தித் திருகினால் கழன்று வரும். பிறகு ஷட்டர் மூடி, வேக வளையம், அதற்கடியில் பல்சக்கர வரிசை ஒரே கட்டாக. ஒவ்வொரு நிலையையும் போனில் படம் எடுக்கச் சொன்னார்; கழற்றிய திருகுகளை ஒரு தாளில் வரிசையாக ஒட்டினார். அந்தப் பல்சக்கரக் கட்டை லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, புது பெட்ரோலில் மறுபடி அலசி, ரப்பர் பல்பால் ஊதிக் காயவைத்தார். எண்ணெய் அச்சு முனைகளுக்கு மட்டும், ஊசி நுனியில் எடுத்த அளவு. பல்லிலும் பேலட்டிலும் ஒன்றுமில்லை. இதழ்களை பெட்ரோல் நனைத்த பஞ்சால் துடைத்து, கறை வராத வரை திரும்பத் திரும்பத் துடைத்தார். ஒரு தடவை கழுவிவிட்டு விட்டால் கரைந்த பிசுக்கு இதழிலேயே காய்ந்து மறுபடி ஒட்டும்.

அளந்து பார்க்க போன் போதும். பின்மூடியைத் திறந்து, லென்ஸை எஃப் 3.5இல், அதாவது முழுதாகத் திறந்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் பின்னாலிருந்து எடுங்கள். வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணினால் ஒரு நொடிக்கு 240, 1/4க்கு 60, 1/15க்கு 16, 1/30க்கு 8 வரவேண்டும். 1/125க்கு இரண்டுதான் விழும், அதற்கு மேல் இந்தக் கணக்கு உதவாது. ஒரு நொடி 300 காட்டினால் விட்டுவிடலாம், நெகட்டிவ் தாங்கும். 480 என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, ஒரு ஸ்டாப் போச்சு.

கூலி 1,200 ரூபாய். லண்டனில் பார்சல், காத்திருப்பு, பவுண்டில் ஒரு பெரிய பில். வேலை சுத்தமாக இருக்கும், வேலை செய்தவர் முகம் தெரியாது. இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கலாம், டீ வரும். ரசீது வராது. "நாளைக்கு" என்றால் எந்த நாளைக்கு என்பது அவருக்கே தெரியாது. தோலை ஒட்ட சைக்கிள் டியூப் பசை எடுக்கப் போனார். அதைத் தடுக்க வேண்டியிருந்தது. மறுபடி உரிக்க வேண்டி வந்தால் தோல் கிழிந்துவிடும்.

லென்ஸைக் கழற்றி மாட்டியதால் ஃபோகஸையும் பார்த்தே ஆகவேண்டும். ஃபிலிம் ஓடும் இடத்தில் பட்டர் பேப்பரை இறுக்கி ஒட்டி, ஷட்டரை பி-யில் திறந்து நிறுத்தி, ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரி சேலத்து விளக்குகளைப் பிடியுங்கள். மேலே குனிந்து பார்க்கும் கண்ணாடியில் விளக்குகள் புள்ளியாக நிற்கும்போது பேப்பரிலும் புள்ளியாக நிற்க வேண்டும். மாறினால் கீழ் லென்ஸ் கடைசி வரை இறுகவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் முன்கூட்டியே சொல்ல இரண்டு விஷயம் உண்டு. 1/500 வைப்பதென்றால் லீவரை இழுப்பதற்கு முன்பே வைக்க வேண்டும். பக்கத்திலுள்ள சின்ன நெம்புகோலை 'வி' எழுத்துக்குத் தள்ளக் கூடாது. அது செல்ஃப் டைமர், அதற்கும் தனியாகப் பல்சக்கரம் உண்டு, பிசுக்குப் பிடித்த கேமராவில் பாதியில் நின்றுகொண்டு ஷட்டரையே பூட்டிவிடும்.