பட்டைகள் நிஜமாகவே வெட்டுகின்றனவா: குவான்டம் எஸ்பிரெஸ்ஸோவோடு ஐந்து வருடம்

நாகமலைப் புதுக்கோட்டையில் வீட்டு மாடி அறையில், எட்டு கோர் கணினி ஒன்றில் குவான்டம் எஸ்பிரெஸ்ஸோ, வேனியர்90, வேனியர்டூல்ஸ் என்ற மூன்று இயற்பியல் கணக்கு மென்பொருள்களையும் ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். மூன்றும் இலவசம். செலவெல்லாம் கரண்டுக்கும் யுபிஎஸ் பேட்டரிக்கும்தான். உலோகப் படிகத்தில் எலக்ட்ரானின் இரண்டு ஆற்றல் பட்டைகள் ஃபெர்மி மட்டத்துக்கு (எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் ஆற்றல் எல்லைக்கு) பக்கத்தில் நிஜமாகவே வெட்டிக்கொள்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை.

அந்த ‘நிஜமாகவே’தான் ஆளைக் கொல்லும்.

சிர்கோனியம் சிலிக்கன் சல்ஃபைடில் முதலில் ஏமாந்தேன். படத்தில் பட்டைகள் அழகாக வெட்டின. ஸ்பின்-ஆர்பிட் இணைவை (எலக்ட்ரானின் சுழற்சிக்கும் அதன் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை) சேர்த்துப் போட்டேன், அப்போதும் வெட்டின. ஆற்றலைக் கணக்கிடும் உந்தப் புள்ளிகளான கே புள்ளிகளை நெருக்கமாக வைத்து மறுபடி ஓட்டியபோதுதான் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்தது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. அது ஒவ்வொரு புள்ளியிலும் ஆற்றல்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கித் தருகிறது, அவ்வளவுதான். எந்தக் கோடு எதன் தொடர்ச்சி என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அதைச் சொல்வது சமச்சீர். நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தின் மேலே போகிற பஸ்ஸும் கீழே குறுக்கே போகிற ஆட்டோவும் ஒன்றுக்காக ஒன்று பிரேக் போடுவதில்லை. சமச்சீர் எண் (படிகத்தைத் திருப்பும்போதோ பிரதிபலிக்கும்போதோ பட்டை எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் குறி) வேறுபட்ட இரண்டு பட்டைகளும் அப்படித்தான், கலக்காமல் கடந்துவிடும். எண் ஒன்றாக இருந்தால் ஒரே ரோடு. விலகித்தான் போக வேண்டும். இந்தச் சேர்மத்தில் ஸ்பின்-ஆர்பிட் வந்ததும் பாலத்தை இடித்த மாதிரி ஆகிவிடுகிறது. பட்டைப் படம் போடும் நிரலில் ‘எல்சிம்’ என்ற தேர்வை இயக்கினால் ஒவ்வொரு பட்டைக்கும் சமச்சீர்க் குறி கிடைக்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது, வெட்கம்தான்.

இரண்டு பட்டைகள் ஒற்றைப் புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்ளும் இடம் வைல் புள்ளி. அதற்கு இந்தப் பாலம் தேவையில்லை. எதிர்க் கைத்தன்மை (ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள கூட்டல் அல்லது கழித்தல் குறி) கொண்ட இன்னொன்றோடு மோதினால்தான் அது அழியும். 2015-இல் சோதனையில் உறுதியான டான்டலம் ஆர்சனைடில் 24 புள்ளிகள் உண்டு. புதிதாக நிறுவுகிறவர்கள் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். எனக்கு முதல் தடவை 20 வந்தது. அங்கே புள்ளிகள் 8, 16 என்று கூட்டமாகத்தான் வரும், ஆகவே 20 வரவே வராது. தேடல் வலையின் கண்கள் பெரிது, சில புள்ளிகள் நழுவிவிட்டன என்று அதிலேயே தெரிந்துவிட்டது. கைத்தன்மைகளைக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும் என்பது இரண்டாவது சரிபார்ப்பு.

அதிகம் படுத்தியது வேனியர் கட்டம், அதாவது கணக்கிட்ட பட்டைகளைச் சில ஆர்பிட்டால்களை வைத்துச் சிறிய மாதிரியாகச் சுருக்குவது. ஆர்பிட்டால்களையும், எந்த ஆற்றல் எல்லைக்குள் பட்டைகளை எடுப்பது என்ற ஆற்றல் ஜன்னலையும் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியாக அமையாவிட்டால் சமச்சீர் லேசாகக் கெட்டு, இருக்கிற வெட்டு இல்லாததுபோல் தெரியும். குவான்டம் எஸ்பிரெஸ்ஸோ தந்த மூலப் பட்டைகளோடு ஒட்டிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. யுபிஎஸ் கத்த ஆரம்பித்ததும், கணக்கு ஓடும் கோப்புறையில், வேலைக்கு வைத்த பெயரோடு புள்ளி வைத்துப் பெரிய எழுத்தில் ‘எக்ஸிட்’ சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். செய்ததைச் சேமித்துவிட்டு நின்றுவிடும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது தெரியாமல் மூன்று நாள் கணக்கு ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன்.

படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டான அலகுக்கூட்டில் நாலு அணு என்றால் இந்த வீட்டுக் கணினியே போதும். முப்பது நாற்பது அணு, அதுவும் ஸ்பின்-ஆர்பிட்டோடு என்றால், பல்கலைக்கழகத் துறையின் கிளஸ்டரில் (பல கணினிகளை இணைத்த தொகுப்பில்) வரிசையில் நின்றுவிடுங்கள்.