கப்பல் டூரா, சொந்த ஏற்பாடா? கரீபியன் குரூஸில் முதல் முறை போகிறவர்களுக்கு

கரீபியன் குரூஸ் போகலாம் என்று முடிவானதும் எல்லோரும் கேபினைப் பற்றித்தான் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். பால்கனி வேண்டுமா, ஜன்னல் இல்லாத உள் அறை போதுமா என்று நாங்களும் இரண்டு வாரம் பேசினோம். ஏறிய பிறகு பார்த்தால், அறை தூங்கவும் குளிக்கவும்தான். பயணத்தின் சுகதுக்கத்தைத் தீர்மானித்தது வேறொரு முடிவு. கப்பல் நிற்கும் இடங்களில் இறங்கிச் சுற்றுவதற்குக் கப்பல் நிறுவனத்திடமே பதிவு செய்வதா, உள்ளூர் ஆட்களிடம் நாமே ஏற்பாடு செய்துகொள்வதா?

நானும் மனைவியும் ஒரு ஜூலையில் மயாமியிலிருந்து ஏழு இரவுப் பயணம் போனோம். முதலில் ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸ், அடுத்து கேமன் தீவுகளில் ஒன்றான கிராண்ட் கேமன், கடைசியாக மெக்சிகோவின் கோசுமெல். முதல் இரண்டில் சொந்த ஏற்பாடு, மூன்றாவதில் கப்பல் டூர். இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், முதல் முறை போகிறவர்களுக்கு நான் கப்பல் டூரைத்தான் சொல்வேன்.

சொந்த ஏற்பாட்டின் பக்கம் இருக்கும் நியாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. விலை குறைவு. பெரிய பேருந்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் போகாமல் பத்துப் பன்னிரண்டு பேரோடு போகலாம். பிடித்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். இவை எதையும் நான் மறுக்கவில்லை.

என் தராசைச் சாய்த்தது கடிகாரம். முதல் முறை போகிறவர்களுக்கு இதை யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. சில கப்பல்கள் ஒவ்வொரு துறைமுகத்தின் நேரத்துக்கும் மாறிக்கொள்ளும். சில, புறப்பட்ட ஊரின் நேரத்தையே கடைசிவரை வைத்திருக்கும். எங்கள் கப்பல் இரண்டாவது வகை. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை மயாமியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். ஜமைக்காவிலும் கேமன் தீவுகளிலும் அந்த வழக்கமே கிடையாது. கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015-இல் தன் நேரத்தை மாற்றிக்கொண்டதிலிருந்து அங்கேயும் அதே கதைதான். ஆகவே குளிர்காலத்தில் இந்த மூன்று துறைமுகமும் மயாமியும் ஒரே நேரம் காட்டும். கோடையில் போனால் மூன்றுமே மயாமிக்கு ஒரு மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் போய் வந்தவர்கள் நேரக் குழப்பமே இல்லை என்று எழுதுவதை நம்பி ஜூலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

கிராண்ட் கேமனில் திருக்கை மீன்களைப் பார்க்க உள்ளூர் படகு ஒன்றைப் பதிவு செய்திருந்தேன். திரும்பும் நேரம் 2:00 என்று போட்டிருந்தது. கப்பல் கடலில் தள்ளி நின்றதால் கரையிலிருந்து சிறு படகில்தான் திரும்ப வேண்டும், அதில் கடைசிப் படகு 3:30. ஒன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாகப் போனோம். படகுக்காரர் சொன்னது தீவின் நேரம், கப்பல் சொன்னது மயாமி நேரம். உண்மையில் எங்களிடம் இருந்தது அரை மணி நேரம்தான். படகு கிளம்பியதே இருபது நிமிடம் தாமதம்.

திருக்கைகளைப் பார்க்கப் படகு எங்களை இறக்கிய மணல் திட்டு அற்புதமான இடம். ஒரு காலத்தில் மீனவர்கள் பவளப்பாறைக்கு உள்ளே அமைதியாக இருக்கும் நீரில் படகை நிறுத்தி, பிடித்த மீனைச் சுத்தம் செய்து கழிவைக் கடலில் போடுவார்களாம். அதைத் தின்ன வந்து பழகிய திருக்கைகள் இன்றும் மனிதர்களைச் சுற்றியே வருகின்றன. இடுப்பளவுத் தண்ணீர். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடியே நடக்கச் சொன்னார்கள், மிதித்துவிட்டால் வால்முள் குத்தும் என்பதால். ஒரு பெரிய திருக்கை என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. அதன் அடிவயிறு, ஊறவைத்த காளானைத் தொட்டதுபோல் வழுவழுவென்று இருந்தது.

அப்போதுதான் எங்கள் கப்பலில் வந்த பெரியவர் ஒருவர் படகோட்டியிடம் பதற்றமாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "என்னங்க, அவரு வாட்ச்ல ஒரு மணி நேரம் கூடுதலா இருக்கே?" என் செல்பேசி தீவின் சிக்னலைப் பிடித்துத் தானாகவே நேரத்தை மாற்றியிருந்தது. அவருடையது பழைய முள் கடிகாரம், கப்பலில் வைத்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

படகோட்டி நல்ல மனிதர். பவளப்பாறையில் நிறுத்த வேண்டிய அடுத்த நிறுத்தத்தை விட்டுவிட்டுத் திருப்பினார். படகில் பாதிப் பேர் வேறொரு கப்பல்காரர்கள், அவர்களுக்கு அவசரமே இல்லை. எங்களால் அவர்களுக்கும் அந்த இடம் போனது, அது இன்னும் உறுத்துகிறது. கடைசிப் படகுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கரைக்கு வந்து சேர்ந்தோம்.

தவறவிட்டிருந்தால்? அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் விமானம் பிடிக்க வேண்டும். தீவுக்குத் தீவு நேர் விமானம் எளிதில் அமையாது, மயாமி வழியாகச் சுற்ற வேண்டிவரும்.  நாங்களோ பாஸ்போர்ட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கேபின் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்திருந்தோம்.

கப்பல் டூரில் இந்தப் பயம் கிடையாது. டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இதை எழுத்திலேயே தருகின்றன, பதிவு செய்யும் முன் படித்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு வாங்குவது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் அணையத் துறைமுக மேடை இல்லை. 2025-இல் அதற்காக நடந்த வாக்கெடுப்பிலும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். கப்பல் தள்ளி நங்கூரம் போடும், சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும். கப்பல் டூர்காரர்களை முதலில் இறக்குகிறார்கள். நாங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கடல் கொந்தளித்தால் அந்தத் தீவில் நிற்காமலே போய்விடுவதும் உண்டு. அப்போது கப்பல் டூர் பணம் தானாகத் திரும்பி வரும். வெளியே கட்டிய பணம், அந்த ஆளின் நிபந்தனையைப் பொறுத்தது. சூறாவளிக் காலம் ஜூன் முதல் நவம்பர் முடிய என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோசுமெல் ஒரு தீவு. அங்கிருந்து கப்பல் டூரில், பழங்கால மாயர் இனத்தவர் கட்டிய கோட்டை இருக்கும் துலும் போனோம். முதலில் பெர்ரியில் முக்கால் மணி நேரம், எதிர்க்கரையில் இருக்கும் பிளாயா டெல் கார்மென் என்ற ஊர், அங்கிருந்து சாலையில் ஒரு மணி நேரம். பெர்ரி நன்றாகவே ஆடும், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிறைய ஆள், வழியில் கைவினைப் பொருள் கடை ஒன்றில் யாரும் கேட்காமலே அரை மணி நேரம் நிறுத்தினார்கள், மாயர்களின் கற்கோட்டையைப் பார்க்கக் கிடைத்த நேரம் போதவில்லை. ஆனால் பாறை விளிம்பில் நின்று கீழே அந்த நீலக் கடலைப் பார்த்தபோது நான் ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை. திரும்பும் பெர்ரி தாமதமானது. அப்போதும் யாரும் பதறவில்லை.

சரி, சொந்த ஏற்பாடு எங்கே தாராளமாகச் செய்யலாம்? ஓச்சோ ரியோஸில். டன்ஸ் ரிவர் அருவி துறைமுகத்திலிருந்து சில நிமிடப் பயணம்தான். சுமார் 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக விழும் அருவியில், முன்பின் தெரியாதவர்கள் கையைக் கோத்துக்கொண்டு சங்கிலியாக ஏறுகிறார்கள். அதற்குக் கப்பல் டூர் விலை கொடுக்கத் தேவையில்லை. கப்பல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், வெறும் கடற்கரைக்குப் போவதாக இருந்தால், சொந்த ஏற்பாடே மேல்.

நான் ஒரே ஒருமுறை போனவன், அதுவும் மேற்குக் கரீபியன் மட்டும். குழந்தைகளோடு போகிறவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். நான்கைந்து முறை போனவர்கள் எல்லா இடத்திலும் சொந்தமாகவே சமாளிக்கிறார்கள், அவர்களைத் தப்பு சொல்ல மாட்டேன்.

எந்த வழியில் போனாலும் கப்பலை விட்டு இறங்கும் வாசலில் ஒரு பலகை இருக்கும். கப்பலின் நேரமும் திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரமும் அதில் எழுதியிருப்பார்கள். அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் செல்பேசியில் நேரம் தானாக மாறுவதை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.