மருந்து என்னன்னு கேட்டுட்டு தான் ஊசியையே எடுத்தாங்க: ஒரு தடுப்பூசி கிளினிக் ரிவ்யூ

எனக்கு ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், 2 வாரத்துக்கு ஒரு தடவை அடலிமுமாப் ஊசி. ரெண்டுமே எதிர்ப்பு சக்தியை அமுக்கி வைக்கிற மருந்து, அதனால தடுப்பூசிக்கு எங்க போறோம்ங்கறது எனக்கு ரொம்ப முக்கியம்.

இதுக்கு முன்னாடி போன இடத்தை சொல்லிடறேன், பேர் வேணாம். குடும்பத்தோட ஃப்ளூ தடுப்பு மருந்துக்கு போனோம், ஃபார்ம்ல அலர்ஜி இருக்கா காய்ச்சல் இருக்கான்னு ரெண்டே கேள்வி, பசங்களுக்கு மூக்குல ஸ்பிரே அடிச்சுட்டு நீங்களும் உட்காருங்கன்னு என் மூக்கு கிட்டயும் கொண்டு வந்துட்டாங்க, அப்போ என் வீட்டுக்காரர் தான் "இவ மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கறாளே, பரவாயில்லையா"ன்னு கேட்டார். அந்த பொண்ணு கை அப்படியே நின்னுடுச்சு. ஸ்பிரேல இருக்கறது வீரியம் குறைச்ச உயிருள்ள வைரஸ், எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஆகாது. ஊசியா போடற ஃப்ளூ மருந்துல உயிருள்ள வைரஸ் கிடையாது, அது நாங்க கண்டிப்பா போட்டுக்கணும். இன்னைக்கு நினைச்சாலும் பதறுது.

இப்போ போற கிளினிக்ல உள்ள நுழைஞ்சதும் நர்ஸ் கேட்டதே "மாத்திரை அட்டை எல்லாம் கொண்டு வந்தீங்களா"ன்னு தான். ஒவ்வொரு அட்டையா திருப்பி பேரையும் டோஸையும் எழுதிக்கிட்டாங்க. ஸ்டீராய்டு கடைசியா எப்போ, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள்னு தோண்டி தோண்டி கேட்டாங்க. பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டை தினம் 20 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ, 14 நாளோ அதுக்கு மேலயோ எடுத்திருந்தா, நிறுத்தி குறைஞ்சது 1 மாசம் கழிச்சு தான் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கு போடறது), சின்னம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசியை யோசிக்கவே முடியுமாம். ரிட்டுக்ஸிமாப்னு எதிர்ப்பு சக்தியை அமுக்கற இன்னொரு மருந்து எடுத்தவங்களுக்கு மாசக்கணக்கா காத்திருக்கணுமாம். ஊசி போடணுமேன்னு நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க, உங்க ரூமட்டாலஜிஸ்ட் (முடக்குவாதம் பார்க்கற டாக்டர்) சொல்லட்டும்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

ஆபீஸ் வேலையா யெல்லோ ஃபீவர்னு கொசுவால வர்ற காய்ச்சல் இருக்கிற நாட்டுக்கு போக வேண்டி இருந்துச்சு. அந்த ஊசியும் உயிருள்ளது தான், டாக்டர் போட மாட்டேன்னுட்டார். உடம்பு காரணமா இந்த ஊசி போட முடியாதுன்னு விலக்கு லெட்டர் தர முடியும், ஆனா அதை ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் அந்த நாட்டோட இஷ்டம், லெட்டர் கையில இருந்தாலும் கொசு கடிச்சா உங்களுக்கு பாதுகாப்பு இல்ல, முடிஞ்சா போகாதீங்கன்னு நேராவே சொன்னார். நான் போகல. ஊசி போட்டு காசு வாங்கறது அவருக்கு ஈஸி, அதை செய்யலங்கறதுக்காகவே இந்த ரிவ்யூ.

அக்கிக்கு ஷிங்க்ரிக்ஸ் முதல் டோஸ் போட்டாங்க. அக்கி ஊசின்னா உயிருள்ளது ஆச்சேன்னு பயந்தேன், ஸாஸ்டவாக்ஸ்னு இருந்த பழசு தான் அப்படி, இது வேறன்னு டப்பாவை என் கையிலயே குடுத்து படிக்க சொன்னாங்க. ஊசி போட்ட கை ஒரு நாள் முழுக்க நல்ல வலி, காய்ச்சலும் லேசா இருந்துச்சு, அதுவும் முன்னாடியே சொன்னது தான்.

சின்னவனுக்கு சின்னம்மை ஊசி பாக்கி இருந்துச்சு, என்னால அவனுக்கு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். தள்ளாதீங்க, அவனுக்கு அம்மை வந்து உங்களுக்கு ஒட்டறது தான் பெரிய ஆபத்து, போட்ட பிறகு அவனுக்கு கொப்புளம் வந்தா மட்டும் அது காயற வரைக்கும் தொடாம இருங்கன்னாங்க. போட்டாச்சு, ஒண்ணும் வரல.

குறைன்னா ஒண்ணு. போன் எடுக்கறவங்க "எல்லா ஊசியும் இருக்கு, எப்ப வேணா வாங்க"ன்னு தான் சொல்றாங்க. என்ன மருந்து எடுக்கறீங்கன்னு அங்கேயே ஒரு வார்த்தை கேட்டா மாத்திரை அட்டையை மறந்துட்டு யாரும் அலைய வேணாம். நர்ஸ்கிட்ட சொன்னேன், குறிச்சுக்கிட்டாங்க. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், ரெண்டாவது டோஸுக்கும் இங்க தான் போறேன்.